ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம்

கிரிக்கெட்டில் பெயர் அடிபடும் டிரினிடாட் தீவு வேறு. இந்த டிரினிடாட் வேறு. கியூபாவின் தென்கரைக்கு அருகே 1514-இல் ஸ்பானியர்கள் நிறுவிய சிற்றூர் இது. ஊர் மக்களின் வாழ்க்கையைப் படமெடுக்கக் கற்றுத்தரும் ஐந்து நாள் பட்டறையில் சேரத்தான் அங்கே போனேன்.

முதல் நாள் காலையிலேயே ஒரு தப்பு செய்தேன். அந்த ஊர்ப் பழைய வீடுகளின் ஜன்னல்கள் ஏறக்குறையத் தெருமட்டத்தில் தொடங்கி ஆள் உயரத்துக்கும் மேலே போகும். கடைந்தெடுத்த மரக் கம்பிகள். பிற்கால வீடுகளில் இரும்புக் கம்பிகள். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பதால் தெருவில் போகிறவர்களுக்குக் கூடம் முழுக்கத் தெரியும். ஒரு வீட்டில் ஆடுநாற்காலியில் ஒரு பாட்டி, மடியில் தட்டை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நீலச் சுவர், தரையில் கம்பிகளின் நிழல். கேமராவைக் கம்பிகளுக்கு நடுவே நீட்டி எடுத்துவிட்டேன். பாட்டி நிமிர்ந்து பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். எழுந்து வந்து ஜன்னல் கதவைச் சாத்தினார்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. மாலையில் எல்லோருடைய படங்களையும் திரையில் போட்டபோது ஆசிரியர் அதில் நிறுத்தி, "இவங்ககிட்ட கேட்டீங்களா?" என்ற பொருளில் ஏதோ கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் மதியம் வரை யாரும் கேமராவைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தெருவில் உட்கார வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், அப்புறம் "புவேதோ?" என்று கேட்க வேண்டும். 'எடுக்கலாமா' என்பதற்கு ஸ்பானிய மொழியில் அந்த ஒரு சொல் போதும். லென்ஸும் 35 மி.மீ. மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்க முடியாது. ஆளுக்குப் பக்கத்தில் போயே ஆக வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ மடத்தின் மஞ்சள் மணிக்கூண்டு, ஓட்டுக் கூரைகள், கல் பதித்த தெருக்கள் எல்லாவற்றையும் நானும் எடுத்தேன். மூன்றாம் நாள் பள்ளத்தாக்குக்குப் போய்வந்த பிறகு அந்தப் படங்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது.

ஊருக்கு வெளியே இருப்பது கரும்பாலைகளின் பள்ளத்தாக்கு. 19-ஆம் நூற்றாண்டில் 50-க்கும் மேற்பட்ட ஆலைகள் அங்கே ஓடின. ஊரின் மாளிகைகளும் அவற்றின் சித்திரச் சுவர்களும் அந்தச் சர்க்கரைப் பணத்தில் வந்தவை. சர்க்கரை, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் வந்தது. மனாகா இஸ்னாகா தோட்டத்தில் 45 மீட்டர் உயரக் கோபுரம் இன்னும் நிற்கிறது. அதன் மணி அடித்தால் வேலை தொடங்கும். மறுபடி அடித்தால் முடியும். கியூபாவில் அடிமை முறை 1886-இல்தான் ஒழிந்தது. அந்த மணி இப்போது தரையில் கிடக்கிறது. 1988-இல் யுனெஸ்கோ ஊரையும் பள்ளத்தாக்கையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதுதான் சரி.

கோபுரத்தின் அடியில் பெண்கள் வெள்ளைத் துணிகளைக் கொடியில் காயப்போட்டது போல விரித்து விற்கிறார்கள். ஒரு அம்மாவிடம் கேட்டேன், தலையசைத்தார். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். துணியின் இழைகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார். மிச்ச இழைகளைச் சேர்த்துச் சேர்த்து முடிந்து வலைபோல ஆக்குகிறார். ஆட்காட்டி விரல் நுனி முழுக்க ஊசி குத்திய பொட்டுகள். அந்த விரலை மட்டும் எடுத்தேன்.

கடைசி நாள் பாட்டி வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு, முதல் நாள் படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். பிறகு "புவேதோ?" என்றேன். பாட்டி அரிசித் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தார், தலை வாரினார், பூப்போட்ட சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆசிரியரின் கையடக்கப் பிரிண்டரில் அச்சிட்டு அங்கேயே கொடுத்தேன். வாங்கிச் சுவர்ப் படத்தின் சட்டத்தில் செருகிவைத்தார்.

கேமராவோடு கியூபா போகிறவர்கள் பையில் ஒரு சின்னப் பிரிண்டரும் வைத்துக்கொள்ளுங்கள். தாள் தாராளமாக எடுத்துப்போங்கள். அங்கே கிடைப்பது கஷ்டம்.