உறுதி இல்லாத குடியிருப்பு

கைத்தொலைபேசியைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லாத மனிதரை வெலிமடைக் கடைத்தெருவில் காண்பது அரிது. கெப்பெட்டிப்பொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் கமக்காரர், "விலை முன்கூட்டியே தெரிகிறது, தெரிந்து என்ன, ஏறவா போகிறது?" என்பார். ஆசிரியர் ஓய்வறையில், பிள்ளைகள் கெட்டுப்போனதற்கு அதுவே காரணம் என்ற தீர்ப்பு நாள்தோறும் வாசிக்கப்படும். வாசிப்பவரின் கையிலும் ஒன்று மினுங்கிக்கொண்டிருக்கும். தோட்டத்து முதியவர்களோ பட்டன் போனே உத்தமம் என்று உறுதியாக நம்புகிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் மலைகளைச் சரித்து, மின்சாரத்தையும் பறித்துக்கொண்ட நாட்களில், ஒருமுறை ஏற்றிய மின்னில் பல நாள் தாக்குப்பிடித்த அச்சின்னக் கருவி அவர்களுடைய வாதத்துக்குத் தக்க சாட்சியாயிற்று.

இவையெல்லாம் அற்ப அபிப்பிராயங்கள் அல்ல. வயிற்றைக் கட்டி வாங்கிய பொருளைப் பற்றி, அதை நாள்தோறும் பயன்படுத்துவோர் கூறும் தீர்ப்புகள். ஆயினும் இவை எங்கே போய்ச் சேருகின்றன? யாருடைய திண்ணையில் அமர்ந்து நாம் இவற்றைப் பேசுகிறோம்? அந்தத் திண்ணைக்குச் சொந்தக்காரன் யார்?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின், எமது வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், கொழுந்து பறிப்பவர், போன் வாங்குவதற்கு முன் எம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். "சேர், இது மழைக்குத் தாங்குமா? தமிழ் எழுத்து தெரியுமா? ஒடஞ்சா செய்யிறதுக்குப் பண்டாரவளைக்கா போகணும்? தவணைக் காசு கட்டி முடியிற வரைக்கும் உசிரோட இருக்குமா?" என்று அடுக்கினார். பளபளக்கும் விளம்பரங்களில் இந்த நான்கு கேள்விகளுக்கும் விடையில்லை. அங்கே படக்கருவியின் நுட்பமும் கண்ணாடியின் மெருகும் பேசப்படுகின்றன. பனிமூட்டத்தில் நனைந்தபடி எட்டு மணி நேரம் மலையில் நிற்கும் மனுஷியை மனதில் வைத்து இக்கருவியை ஆக்கியவர் எவருமில்லை.

தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி ஆயிரம் ரூபாய் என வர்த்தமானியில் வெளிவந்ததே 2021 மார்ச்சில்தான். அந்தக் கூலியில் 20,000 ரூபாய்க் கருவி என்பது இருபது நாள் உழைப்பு. அதற்குமேல் மாதந்தோறும் ரீலோட் செலவு. இத்தனைக்குப் பிறகும் சிக்னல் கிடைக்காது. அதே ஆண்டு எமது பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவக் கிராமத்தில், ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து பாறையுச்சிக்கு ஏறிப் பாடங்களை அனுப்பியதையும் பெற்றதையும், லுணுகலைப் பக்கத்தில் மரத்தின் மேல் கட்டிய பரணில் பிள்ளைகள் அமர்ந்து படித்ததையும் உலகப் பத்திரிகைகள் படம்பிடித்து வெளியிட்டன. படத்தைப் பார்த்து உலகம் உருகியது. பாறை பாறையாகவே இருந்தது.

எமது வகுப்பும் அந்நாட்களில் ஒரு செயலியின் குழுவுக்குள் குடியேறியது. பாடக்குறிப்புகள் போதாவென்று ஒரு வேலையையும் கொடுத்தோம்: வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் தாலாட்டு, ஒப்பாரி, கும்மிப் பாட்டுகளைப் பாடச் சொல்லிப் பதிவுசெய்து குழுவில் இடவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாகச் சென்று தேடித் தொகுத்த செல்வம் அது; பிள்ளைகளுக்கோ தம் வீட்டு அடுப்படியிலேயே கிடைத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட குரல்கள் வந்து சேர்ந்தன. பின்னணியில் கோழி கூவும், குழந்தை அழும், பாட்டி நடுவில் நிறுத்தி, "போதுமாடி?" என்பாள்.

சில மாதங்களின்பின் அப்பாட்டிமாரில் ஒருவர் காலமானார். பேத்தியின் போன் அதற்கு முன்பே உடைந்திருந்தது. ரீலோட் போட வழியின்றி இலக்கமும் செயலிழந்து வேறொருவருக்குப் போய்விட்டது. குழுவிலிருந்து தேடினோம். உரிய காலத்தில் இறக்கிவைக்காத பதிவுகளை நிறுவனம் தன் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிடும் என்பது விதியாம். டேட்டாவைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பெரிய கோப்புகளை எவரும் இறக்காதிருந்தனர். முறையிடுவதற்கு ஒரு முகமில்லை; கதவு தட்டுவதற்கு ஒரு கந்தோரில்லை. அந்தப் பெண் அழவில்லை. "அது நம்ம எடமில்லையே சேர்" என்றாள்.

மலையகத்துப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தாலும், சுவருக்கு வெள்ளையடித்து வாசலில் செவ்வந்தி நட்டாலும், அது தோட்டத்தின் காம்பிராவே. ஏழு பேர்ச் காணியும் உறுதிப்பத்திரமும் பலருக்கு இன்னும் பேச்சளவில்தான். 1823 முதல் எண்ணி, மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்த மக்கள் எழுப்பிய கோரிக்கைகளில் காணி தலையாயது. இன்று நமது பேச்சும் படமும் பாட்டும் குடியிருக்கும் இடங்களும் இத்தகைய லயங்கள்தாமே? வாடகை கேட்பதில்லை என்கிறார்கள். வாடகைக்குப் பதிலாக நம்மையே விளம்பரக்காரனுக்கு விற்கிறார்கள். யாருடைய குரல் யாருக்குக் கேட்கவேண்டும் என்பதையும் அவர்களே நிர்ணயிக்கிறார்கள்.

அக்காலத்தில் தோட்ட எல்லைக்குள் வெளியார் நுழைவதே குற்றம். 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டத்துக்குள் புகுந்து நிலைமைகளைக் கண்டறிந்தார் என்பர். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் பாட்டிசைத்துத் தொழிலாளரைத் திரட்டினார். துரையின் நிலத்தில் நின்று துரையைப் பற்றிப் பேசுவதன் இடர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனாலேயே தமக்கென்று அச்சகமும் பத்திரிகையும் தேடினர்.

இந்த நவீனத் துரைகளின் நிலம் எத்தகையது என்பதை இந்நாடு பார்த்துவிட்டது. 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களுக்கு எதிராகத் தீ மூட்டப்பட்டபோது, வெறுப்பைப் பரப்பிய சிங்களப் பதிவுகளை முறையிட்டும் பேஸ்புக் நிறுவனம் உரிய வேளையில் அகற்றவில்லை; அம்மொழியறிந்த ஊழியர் போதிய அளவில் அதனிடம் இல்லை. 2020இல் அது வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைகளுக்கு அந்த வருத்தம் எட்டுமா? மறுபுறம் அரசாங்கம், தீ மூட்டியவனையும் தண்ணீர் கேட்டவனையும் ஒன்றாக்கி அனைத்தையும் முடக்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின்பின் மறுபடியும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, எரிபொருளும் மின்சாரமுமின்றி வீதிக்கு வந்த மக்களின் வாயை அடைக்க மீண்டும். 2024 சனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது உண்மை எது பொய் என்று சொல்லும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவின் கையில் வைத்தது. எல்லாரும் ஒரே வாயிலால் நுழையும் ஊரில் அந்த வாயிலை அடைப்பது எவ்வளவு எளிது! ஆளும் வர்க்கம் வேண்டியதில்லை. 2021 அக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப் இரண்டும் நிறுவனத்தின் சொந்தக் கோளாறினாலேயே ஆறு மணி நேரம் அளவில் உலகெங்கும் ஊமையாயின.

வேறு வழி உண்டா? உண்டு, அது புதியதுமன்று. மின்னஞ்சலை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் முகவரி வைத்திருப்பவர் மற்றொரு நிறுவனத்தின் முகவரிக்கு எழுதலாம். வெலிமடைத் தபாற்கந்தோரில் போட்ட கடிதம் மட்டக்களப்புத் தபாற்கந்தோரில் இறங்குவதுபோல. அனைத்துக்கும் ஒரே முதலாளி இல்லை. பொதுவான விதியொன்றே உண்டு. இந்த முறையைச் சமூக உரையாடலுக்கும் கொண்டுவந்தவற்றில் ஒன்று மாஸ்டடான். 2016இல் ஜெர்மனியில் ஓய்கன் ரோக்கோ என்ற இளைஞர் அதை ஆக்கி, அதன் மூலநிரலை யாவருக்கும் திறந்துவைத்தார். வேண்டுவோர் தத்தம் வழங்கியை நிறுவலாம். விதிகளைத் தாமே வகுக்கலாம். ஏனைய வழங்கிகளில் உள்ளவரோடும் பேசலாம். அங்கே விளம்பரம் இல்லை. பதிவுகள் எழுதப்பட்ட நேர வரிசையிலேயே வருகின்றன. வழங்கிகள் தம்முள் பேசும் விதியை 2018 சனவரியில் உலகளாவிய வலைச் சங்கம் பரிந்துரைத் தரமாக ஏற்றது. இதனைக் கூட்டாட்சி முறை என்பர். சமஷ்டி என்றும் சொல்லலாம். இந்நாட்டில் அச்சொல்லைக் கேட்டாலே சிலருக்குக் காய்ச்சல் வரும். கணினிகள் அக்காய்ச்சலின்றி அதை நடத்திக்கொண்டிருக்கின்றன.

2022 அக்டோபரில் டுவிட்டரை ஒரு தனி முதலாளி 44 பில்லியன் டொலருக்கு வாங்கியபோது பல இலட்சம் பேர் மாஸ்டடானுக்குப் பெயர்ந்தனர். கணிசமானோர் திரும்பியும் போயினர்: நண்பர்கள் அங்கு இல்லை, எந்த வழங்கியைத் தேர்வதென்று தெரியவில்லை. இதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. வழங்கியை நடத்துபவர் குட்டித் துரையாக மாறலாம். களைத்துப்போய் ஒருநாள் மூடிவிடலாம். வெறுப்புக்கும் அதே கதவு திறந்திருக்கிறது. அமெரிக்காவில் தீவிர வலதுசாரியினர் கூடும் காப் என்னும் தளம் 2019இல் மாஸ்டடானின் நிரலையே எடுத்துக்கொண்டது. ஆனால் நடந்தது என்ன? ஏனைய வழங்கிகளில் பெரும்பாலானவை அதனோடு உறவை அறுத்துக்கொண்டன. அரசாங்கமுமில்லை, ஆணைக்குழுவுமில்லை, அயலவர் கூடி ஊர்விலக்குச் செய்தனர். அந்தச் சொல்லின் பழைய கொடுமை நமக்குத் தெரியும். ஆயினும் இங்கே விலக்கப்பட்டது சாதியன்று, வெறி.

தமிழருக்கு இத்தகைய கூட்டுழைப்பு அந்நியமானதன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளில் சிதறிக்கிடந்த தமிழர் ஊதியமின்றித் தட்டெழுதித் தந்த நூல்களால் வளர்ந்தது. பல்கலைக்கழகத்தில் நாம் தமிழ் பயின்ற நாட்களில், நூலகத்தில் ஒரே பிரதியாக இருந்த இலக்கியங்களைக் கால்காசு செலவின்றி வாசித்தது அதனாலேயே. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அத்திவாரமிட்டவர்களில் முதன்மையானவர் ஈழத்தவரான மயூரநாதன். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சிற்றேடுகளையும் எண்ணிம வடிவில் காத்துவருகிறது. யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்ததை அறிந்த சமூகத்துக்கு, ஒரே இடத்தில் அனைத்தையும் வைப்பதன் ஆபத்தைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலைநாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. யுனெஸ்கோவின் துணையோடு கொத்மலைச் சமூக வானொலி, தொண்ணூறுகளின் இறுதியில், நேயர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி அவர்கள் மொழியிலேயே சொல்லியது. கணினியைக் கண்ணால் காணாதவரும் இணையத்தைக் காதால் கேட்டனர்! அருமையான எண்ணம். ஆயின் அந்த வானொலி இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தம். பெயரில் சமூகம் இருந்தது, உறுதியில் இல்லை.

"வெலிமடையில் வழங்கி வைத்து யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நம் சக ஆசிரியர் ஒருவர் நகைத்தார். நகைப்பில் நியாயமுண்டு. பழைய கணினி ஒன்று, மாதாந்த இணையக் கட்டணம், மின்வெட்டைத் தாங்கும் மின்கலம், எல்லாவற்றுக்கும் மேலாக அலுக்காமல் காவலிருக்கும் இரண்டு மூன்று பேர் வேண்டும். தொழிற்சங்கங்கள் சந்தாப் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் ஆகாத காரியமல்ல. எந்தப் போன் மழைக்குத் தாங்குகிறது, எந்தக் கடை தவணையில் ஏமாற்றுகிறது, எந்தப் பாதை சரிந்திருக்கிறது என்பதையெல்லாம் விளம்பரக்காரனின் அனுமதியின்றி மக்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம். சங்கத்தார் சிலரிடம் பேசினோம். "தேர்தல் முடியட்டும் சேர்" என்றனர். எந்தத் தேர்தல் என்று சொல்லவில்லை.

இதற்கிடையில் மாணவர்கள் மீண்டும் பாட்டுகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் தொகுப்பில் பிழைத்தவை பதினேழு. புதிதாக வந்தவை இருபத்துநான்கு. ஒவ்வொன்றும் மூன்று இடங்களில் வைக்கப்படுகிறது: பாடசாலைக் கணினியில் ஒன்று, பாடியவரின் வீட்டில் நினைவட்டையாக ஒன்று, மற்றொன்று பண்டாரவளையில் ஒரு பழைய மாணவரின் அலுமாரியில். காலமான அந்தப் பாட்டியின் ஒப்பாரி கிடைக்கவில்லை. பேத்தி தனக்கு நினைவிருந்த ஆறு வரியைத் தன் குரலில் பாடித் தந்திருக்கிறாள்.