வேதாளம் கேட்காத கேள்வி

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பரணில் பழைய பத்திரிகைக் கட்டு ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். சிறு வயதில் போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு படித்தோமே, பேய்க் கதை, வேதாளக் கதை, மர்மத் தொடர்கதை, அவற்றில் ஒன்றை எடுத்து மறுபடியும் படித்துப் பாருங்கள். "இந்த வயதில் பேய்க் கதையா?" என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்! பேய் உங்களைப் பயமுறுத்தாது. அதற்கு நான் ஜாமீன். ஆனால் அந்தக் காலத்தில் நம் கண்ணில் படாத வேறு சில விஷயங்கள் பயமுறுத்தும்.

எனக்குப் பெரம்பலூர் ஜில்லா, வெள்ளாற்றங்கரையில் லப்பைக்குடிக்காடு. வீட்டு ஆண்கள் பலர் அக்கரைச் சீமையில் சம்பாதிக்கிற ஊர். ஆகையால் பெண்கள் கதை பேசுவதற்கும் கதை படிப்பதற்கும் இங்கே எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. என் அத்தா 'அம்புலிமாமா' இதழ்களை வருஷவாரியாகப் பைண்டு செய்து வைத்திருந்தார். கொல்லையில் ஒரு முருங்கை மரமும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் ஒரு சிறுமி இரவில் கொல்லைப் பக்கம் போவாளா, நீங்களே சொல்லுங்கள்!

முதலில் எதெல்லாம் பழசாகிவிட்டது என்று பார்ப்போம். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' 1981-ல் குமுதத்தில் தொடராக வந்தது. நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வஸந்தும் தர்க்கம் செய்வார்கள். ஹாலோகிராம் என்ற சொல் வந்தபோது ஏதோ மந்திர உச்சாடனம் மாதிரி இருந்தது. இன்று அந்த ஹாலோகிராம் வங்கி அட்டையின் மூலையில் மினுக்கிக்கொண்டு நம் பர்ஸுக்குள்ளேயே கிடக்கிறது. பர்ஸைத் திறந்து யாராவது அலறுகிறோமா?

ஆனால் அதே கதையில் லீனா என்று ஓர் இளம்பெண் வருகிறாள்; பெரிய சொத்துக்கு உரியவள். இப்போது படிக்கையில், இருட்டில் நடமாடுவது ஆவியா பிம்பமா என்பதில் என் மனம் போகவில்லை. சொத்துள்ள சின்னப் பெண்ணைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுதான் எண்ணிக்கொண்டே போனேன். நடுக்கம் அங்கேதான் வந்தது.

வேதாளத்துக்கு வருவோம். 1947 ஜூலையில் சென்னையில் பிறந்தது அம்புலிமாமா. அதில் ஓவியர் சங்கர் வரைந்த படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: தோளில் சவம், கையில் வாள், காட்டு வழியில் விக்கிரமாதித்தன். 1952-ல் அந்தப் பத்திரிகையில் சேர்ந்த சங்கர் 2020-ல் காலமானார். பத்திரிகையும் இப்போது வருவதில்லை. படம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

கதையோ மிகமிகப் பழசு. 11-ம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர், சூரியவதி என்ற ராணியின் மனத்தை மகிழ்விக்க எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்த வேதாளக் கதைகள் இருக்கின்றன. அங்கே வேதாளம் தொங்கியது சிம்சபா மரத்தில். தமிழ்நாட்டுக்கு வந்ததும் முருங்கைக்கு மாறிவிட்டது!

அவற்றில் மந்தாரவதி கதையைக் கேளுங்கள். அவளை மணக்க மூன்று வாலிபர்கள் வருகிறார்கள். ஒருவனுக்குக் கொடுத்தால் மற்ற இருவரும் உயிரை விடுவார்களாம். தகப்பனார் தயங்கிக்கொண்டிருக்கையில் பெண் ஜுரத்தில் இறந்துபோகிறாள். ஒருவன் அவள் சாம்பலின் மேல் படுத்துக் காவல் இருக்கிறான். ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான். மூன்றாமவன் எங்கிருந்தோ மந்திரம் கற்றுவந்து உயிர் கொடுக்கிறான். பெண் யாருக்கு? ராஜா சொல்கிறான்: உயிர் கொடுத்தவன் தகப்பனுக்குச் சமானம், எலும்பைச் சுமந்தவன் மகனுக்குச் சமானம், சாம்பலைக் காத்தவனே கணவன். சிறு வயதில், "ஆகா, என்ன புத்தி!" என்று வியந்தேன்.

சென்ற விடுமுறையில் இந்தக் கதையை என் தங்கை மகளுக்குப் படித்துக் காட்டினேன். கல்லூரியில் படிக்கிற பெண். அவள் வியக்கவில்லை. "பெரிம்மா, அவ எழுந்து உட்கார்ந்துட்டா இல்லே? அவளையே கேட்டிருக்கலாமே!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதே நேரத்தில் கூடத்தில் அவளுடைய கல்யாணப் பேச்சுதான் நடந்துகொண்டிருந்தது. துபாயில் ஒரு மாப்பிள்ளை, சிங்கப்பூரில் ஒரு மாப்பிள்ளை, திருச்சியில் கடை வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளை. யார் பொருத்தம் என்பதில் விக்கிரமாதித்தன் சபைக்குக் குறைவில்லாத விவாதம்! எங்கள் மார்க்கத்தில் நிக்காஹ் அன்று வக்கீலும் சாட்சிகளும் வந்து பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மண்டபம் பேசி, பத்திரிகை கொடுத்து, பிரியாணி தம் ஏறின பிறகு கேட்டால், எந்தப் பெண் "மாட்டேன்" என்பாள்?

புத்தகத்தோடு கூடத்துக்குப் போனேன். கதையைச் சொல்லி, "உங்கள் மகள் இப்படிக் கேட்கிறாள். என்ன பதில்?" என்றேன். தங்கை மாப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு மகளை அழைத்து, "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டார்.

"படிப்பு முடியட்டும் அத்தா. அப்புறம் பேசலாம்" என்றாள் அவள்.

இரண்டு சம்பந்தங்கள் விலகிப்போயின. ஒரு வீட்டார் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு அவள் கையில்.

அப்படியானால் பழைய கதைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா? கூடவே கூடாது! அம்புலிமாமாவில் மாதாமாதம் புதுப்புதுக் கதையாகப் போய்க்கொண்டே இருந்ததால், மூலக் கதையின் முடிவை நம்மில் பலர் படித்ததில்லை. தகப்பன் மகளையும் மகன் தாயையும் மணந்தால் அவர்கள் குழந்தைகளுக்குள் என்ன உறவு என்று வேதாளம் கேட்கிறது. ராஜாவுக்கு விடை தெரியவில்லை, மௌனமாக நடக்கிறான். அப்போது வேதாளம் ஒரு ரகசியம் சொல்கிறது: சவத்தைக் கொண்டுவரச் சொன்ன சந்நியாசி, ராஜாவையே பலியிடக் காத்திருக்கிறான்! நாம் நடுங்கிய வேதாளம்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. ராஜா வணங்கிய பெரியவர்தான் கத்தி வைத்திருக்கிறார். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்பது வேதாளத்தின் நிபந்தனை. சொன்னாலோ அது மரமேறிவிடும். பட்ட பாடெல்லாம் வீண். அப்படியும் ராஜா ஒவ்வொரு முறையும் வாய் திறந்தான். தெரிந்ததைச் சொல்வதற்கு ஒரு விலை உண்டு; சொல்லாமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய விலை உண்டு. நம் வீட்டுப் பெண்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

ஆகவே அந்தப் புத்தகங்களைத் தூசி தட்டி வீட்டுப் பெண் குழந்தைகளிடம் கொடுங்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். வேதாளம் தன் கேள்வியைக் கேட்டு முடித்ததும் புத்தகத்தைச் சற்று மூடிவிட்டு, அது கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள்: "அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பாள்?"