ஏர்வாடிக் கடலும் ஒரு கையடக்கக் கருவியும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்துள்ளது ஏர்வாடி. அங்குள்ள தர்காவை நாடிச் சமய வேறுபாடு பாராது மக்கள் வந்து சேருகின்றனர். ஊரைக் கடந்து கரைக்குச் சென்றால் வேறோர் உலகம் விரிகிறது. அப்பா, தலையாரி, வாலை, முள்ளி முதலிய கீழக்கரைக் குழுத் தீவுகளும், அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் இக்கடலுக்கு உரியவை. 1986-இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதியின் 21 தீவுகளில் இவையும் அடங்கும். அப்பால், 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தம் வகுத்த இந்திய - இலங்கைக் கடல் எல்லை. அக்கோட்டை அலையின்மேல் எவரும் வரைந்து வைக்கவில்லை. அறியாது தாண்டினால் சிறையும் படகு இழப்பும் நேரலாம். கரையில் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைந்துபோகும்.

முன்னோர் விண்மீனையும் காற்றையும் நீரின் நிறத்தையும் கண்டு வழியறிந்தனர். இன்று ஜி.பி.எஸ். என்னும் கையடக்கக் கருவி துணைநிற்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களுள் நான்கின் குறிப்பலைகளையேனும் பெற்று, அது நம் இருப்பிடத்தைக் கணிக்கிறது. 1983-இல் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டபின், இவ்வசதியைப் பொதுமக்களுக்கும் அளிப்பதாக அமெரிக்கா அறிவித்தது. இந்தியாவும் நாவிக் என்னும் சொந்த அமைப்பை உருவாக்கியுள்ளது.

இத்தகைய கருவியை வாங்குவோர் விலையை மட்டும் பாராதிருப்பது நலம். நீர் புகாததா, நண்பகல் வெயிலில் திரை தெரியுமா, ஈரக்கையால் அழுத்தத் தக்க பொத்தான்கள் உண்டா, மின்கலத்தைக் கடலிலேயே மாற்றலாமா என்று வினவுதல் வேண்டும். புறப்படும் கரையையும் எல்லைக்கு முன்னுள்ள இடங்களையும் குறித்துவைத்தால், நெருங்கும்போது ஒலியெழுப்பும் வகை சிறந்தது.

எண்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 12.50 கலை என்றால் 12 கலை 30 விகலை. அதனை 12 கலை 50 விகலை என்று ஒருவர் கொண்டால், 600 மீட்டருக்கும் அதிகமாக இடம் பிசகும். பாறை நிறைந்த கடலில் அது சிறிய பிசகன்று. ஆகவே படகுகள் தம்முள் இடத்தைத் தெரிவிக்கையில் ஒரே முறையைக் கையாள வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. சாதாரண ஜி.பி.எஸ். கருவி குறிப்பலைகளைப் பெறுமேயன்றி அனுப்பாது. நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குச் சொல்லும், கரையிலுள்ளோர்க்குச் சொல்லாது. அதற்கு வானொலிக் கருவியோ, இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவியோ வேண்டும். மின்கலம் தீர்ந்தால் உதவப் பழைய காந்தத் திசைகாட்டியும் படகில் இருக்கட்டும்.

கீழ்த்திசை ஞானிகள் விண்மீனைக் கண்டு புறப்பட்டனர். ஆயினும் எருசலேமில் வழி கேட்கவும் நாணவில்லை. கருவியை நம்புவோம், கடலறிந்த பெரியோரின் சொல்லையும் கேட்போம். புறப்படுமுன், செல்லும் திசையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறிச் செல்வோம். காத்திருப்போர்க்கு நாம் செய்யும் முதற்கடமை அதுவே.