நீர் மாத்திரையும் முகூர்த்தப் புடவையும்

ஆரணியில் பட்டு நெய்கிறவன் நான். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுதும் உட்காருபவனுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று அலட்சியமாக இருந்தேன். டாக்டர் பார்த்தார். "ரத்த அழுத்தமும் இருக்கிறது" என்று நீர் மாத்திரை எழுதி, காலையில் சாப்பிடச் சொன்னார். காலையில் சாப்பிட்டால் தறியை விட்டு நாலு தரம் எழுந்திருக்க வேண்டுமே! முகூர்த்தப் புடவையை யார் முடிப்பது? மகா புத்திசாலியான நான் அதை இரவுக்கு மாற்றினேன்.

இரவெல்லாம் கொல்லைப்புறத்துக்கு நடைதான். மூன்றாம் தடவை சட்டென்று எழுந்தவன், தலை சுற்றி விழுந்தேன். கண் விழித்தபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

டாக்டர் கடிந்துகொண்டார்: "இது நீரோடு உப்பையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம். வாந்தி, பேதி கண்டால் உடனே வாருங்கள். முதுகு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினால் சிறுநீரகம் கெடும். இளநீரையும் கேட்டுக் குடியுங்கள். சில நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தைத் தேக்கிவிடும்."

2021-ல் அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வரலாயிற்று. புத்தியை மட்டும் நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும், வாசகர்களே!

இப்போது காலையில் மாத்திரை, ஊறுகாய் இல்லாத சாப்பாடு, மெள்ள எழுந்திருக்கும் பழக்கம். புடவை இரண்டு நாள் தாமதமாயிற்று. கல்யாணம் ஒன்றும் நின்றுவிடவில்லை.