ஆழாக்குக்குக் கீழே

சித்தப்பா லீவுக்கு வந்துவிட்டால் ஆச்சி வீட்டு மச்சில் பழைய தாளும் மூக்குப்பொடியும் கலந்த ஒரு வாசனை ஏறிவிடும். மெட்ராஸ் ரயிலின் கரித்தூள் சட்டைக் காலரில் இருக்கும்போதே டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஜன்னல் திண்டில் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார். அதில் நான் எடுத்துப் பார்க்கிற புத்தகம் ஒன்றே ஒன்றுதான். காப்ளான்ஸ்கி எழுதிய 'இன்ஃபினிட் அபீலியன் குரூப்ஸ்'. 1954இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் போட்டது. படம் ஒன்றும் கிடையாது. என்னை இழுத்தது அதன் ஒல்லித்தனம். இன்ஃபினிட் என்றால் முடிவே இல்லாதது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். முடிவே இல்லாத சங்கதியை இவ்வளவு சின்னப் புத்தகத்தில் எழுதி முடித்தவர் ஏதோ ஏமாற்றுக்காரர் என்றே நான் நம்பினேன். சித்தப்பாவிடம் அதைப் பெரிய மனுஷத் தோரணையில் சொல்லவும் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. லயோலாவில் பாதிரியார் ரசீனிடம் படித்தவர் அவர். பாரிஸில் நடப்பதை நம் பையன்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று புதுக் கணிதத்தின் கதவைத் திறந்துவிட்ட பிரெஞ்சுக்காரர் ரசீன். சேஷாத்ரி, நரசிம்மன் எல்லாரும் அவரிடம் படித்துப் போனவர்கள்தான். சித்தப்பா அவ்வளவு தூரம் போகவில்லை, ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக நின்றுவிட்டார். ஆனால் சின்னப் பிள்ளை கேட்டாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார்.

நேரே அடுக்களைக்குப் போனார். ஆச்சி உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். அரிசி பாத்திரத்தில் விழுகிற அந்தச் சரசரப்பும், தவிட்டு வாசனையும், அளக்கும்போது ஒன்றுக்கு 'லாபம்' என்று சொல்லிக்கொள்ளும் அவள் குரலும் இப்போதும் காதோரம் இருக்கின்றன. பித்தளைப் பூண் போட்ட படி, அதில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஆழாக்கின் வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அத்தனையையும் திண்ணைக்கு எடுத்துவந்து வரிசையாக வைத்தார்.

"ஏலே, முதல்ல உழக்கு, அப்புறம் ஆழாக்கு. மாத்திப் போட்டா அரிசி கூடுமா குறையுமா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சித்தப்பா."

"அதான் அபீலியன். ஏபெல்னு நார்வேக்காரன், 26 வயசுலயே காசநோய்ல போயிட்டான், அவன் பேரு." பிறகு ஒரு சட்டம் போட்டார்: முழுப்படி சேர்ந்தவுடன் பானையில் கொட்டிவிட வேண்டும், அது கணக்கில் வராது. அப்படியானால் உரியோடு உரி சேர்ந்தால் கையில் ஒன்றுமில்லை. உழக்கு நாலு முறையில் ஒன்றுமில்லாமல் போகும், ஆழாக்கு எட்டு முறையில்.

"ஆழாக்குக்குக் கீழே என்ன?" என்று நான் கேட்க, உள்ளேயிருந்து ஆச்சி, "அதுக்குக் கீழேன்னா காக்காய்க்குப் போடுறதுதான். படியைக் கொண்டாங்கலே, உலை கொதிக்கி" என்றாள்.

சித்தப்பா நிறுத்தவில்லை. பாதி, அதில் பாதி என்று அளவுகள் இறங்கிக்கொண்டே போவதாக நினைக்கச் சொன்னார். எந்த அளவை எடுத்தாலும் அதற்கொரு பாதி உண்டு. எந்த அளவும் போதுமான தடவை போட்டால் ஒன்றுமில்லாமல் போகும். ஆனால் அளவுகளுக்கு மட்டும் முடிவில்லை. அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்து ஆழாக்குக்குக் கீழே இறங்கிப் பார்த்தேன், தலை சுற்றியது.

பாதி பாதியாக இறங்கும் அந்த அளவுக் கூட்டத்துக்குப் ப்ரூஃபர் குலம் (குரூப்) என்று பெயர் இருப்பது எம்.எஸ்ஸி. வகுப்பில்தான் தெரிந்தது. அதன் உட்குலங்களில் முழுக் குலத்தைத் தவிர மற்றதெல்லாம் முடிவுள்ளவை என்று பேராசிரியர் பலகையில் எழுதியபோது எனக்கு நசுங்கிய ஆழாக்குதான் தெரிந்தது. இரண்டாகப் பகுப்பதுபோல மூன்றாக, ஐந்தாக என்று ஒவ்வொரு பகா எண்ணுக்கும் இப்படி ஒன்று உண்டு. எல்லா எண்ணாலும் பகுக்க முடிகிற அபீலியன் குலம் எவ்வளவு பெரிதானாலும், பிரித்துப் பார்த்தால் உள்ளே இவையும் விகிதமுறு எண்களும்தான் சரக்கு. எத்தனை சிக்கனம்! முடிவுள்ள அபீலியன் குலங்களின் சங்கதியை ஃப்ரோபீனியஸும் ஸ்டிக்கல்பெர்கரும் 1879இலேயே தீர்த்துவிட்டார்கள். முடிவில்லாதவைதான் முரண்டு பிடிப்பவை.

எவ்வளவு முரண்டு என்பதை நூலகத்துக்கு வந்த இஸ்ரேல் கணித இதழில் பார்த்தேன், 1974ஆம் வருஷத்தது. முழு எண்களின் பிரதிகளை மட்டும் வைத்துக் கட்டிவிடக்கூடிய குலங்களைக் கட்டற்ற குலங்கள் என்பார்கள். அவற்றை அடையாளம் காண ஒரு குறிப்பிட்ட சோதனை போதுமா என்று வைட்ஹெட் என்கிற கணிதக்காரர் கேட்டிருந்தார். எண்ணிவிடக்கூடிய குலங்களுக்குப் போதும் என்று ஏற்கெனவே தெரியும். அதற்கு மேலே, கணக் கோட்பாட்டின் வழக்கமான அடிகோள்களை வைத்துக்கொண்டு ஆம் என்றும் நிறுவ முடியாது, இல்லை என்றும் நிறுவ முடியாது என்று அந்த இதழில் ஷேலா என்பவர் நிரூபித்திருந்தார்.

ஊருக்குப் போனதும் சித்தப்பாவிடம் சொன்னேன். கணக்கில் ஆமா, இல்லை, ரெண்டே ரெண்டுதான் என்று வாழ்நாளெல்லாம் பையன்களை மிரட்டியவர் அவர். பொடி டப்பாவை மூடாமலே கொஞ்ச நேரம் இருந்தார். கோபம்தான்.

"எவன் சொன்னான்? நிரூபணத்தைக் கொண்டாலே, நான் பாக்கேன்."

இலையில் ரசம் ஆறிக்கொண்டிருப்பதாகச் சித்தி இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டாள். அவர் அதற்குள் பென்சில் தேட ஆரம்பித்திருந்தார்.