எட்டு மணிக்கு மேல் ஒரு மெஷின் சும்மா இருக்கும்

மதுரை

அன்புள்ள டீச்சருக்கு,

முகவரி தெரிந்திருந்தால் இதை உங்கள் வீட்டுக்கே அனுப்பியிருப்பேன். உங்கள் டைப் இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் உதிரிபாகக் கடை. கீழே பால்கடைக்காரரிடம் விசாரித்தேன். “மகள் வீட்டோட போயிட்டாங்க” என்றார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களிடம் டைப் கிளாஸ் படித்த பிள்ளைகள் ஊர் பூராவும் இருக்கிறார்கள். ஒருவர் கண்ணில் பட்டாலும் உங்கள் காதுக்கு எட்டிவிடும்.

என் பேர் உங்களுக்கு நினைவிருக்காது. ‘ய’ விழாத கம்பாசிட்டர் என்றால் சிரித்துவிடுவீர்கள்.

போன மாதம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினான். ஆறு வருஷமாக சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலையில் இருந்தவன். ஒரு மின்னஞ்சல், பத்து நிமிஷக் கூட்டம், அவ்வளவுதான். அடையாள அட்டையைக்கூட கொரியரில் அனுப்பச் சொல்லிவிட்டார்களாம். இரண்டு நாள் மாடியிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது கேட்டான்: “மாமா, உங்களுக்கு வேலை போனப்ப என்ன பண்ணுனீங்க?”

பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் நான் செய்தது கொஞ்சம்தான், செய்ததெல்லாம் நீங்கள். அதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உங்களிடம் சொன்னதில்லை.

நான் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்தது 1979-ல், பதினேழு வயதில். அதற்கு முந்தின வருஷம்தான் பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணை போட்டிருந்தது. ணா, றா, னா, லை, ளை முதலான 13 எழுத்துகளின் உரு மாறியது. துதிக்கை தூக்கிய பழைய ‘லை’ ஒரே ஈயத் துண்டு. இனி ஐகாரக் கொம்பு ஒன்று, ல ஒன்று என்று இரண்டாகக் கோக்க வேண்டும். ஃபோர்மேன் அண்ணாச்சி கை பழக்கத்தில் பழசை எடுத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப வைப்பார். நான் புதுசு. எனக்கு இரண்டும் ஒன்றுதான். தொழிலுக்குள் நுழைந்த நாளிலேயே, அனுபவம் உள்ளவன் தடுமாறுவதையும் புதியவன் தடுமாறாததையும் பார்த்தேன். அதன் அர்த்தம் புரியப் பதினேழு வருஷம் ஆனது.

1996 ஆடி. ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பத்திரிகை கிடையாது. எல்லா ஆடியும் அப்படித்தான், ஆவணியில் வேலை திரும்பும் என்று நாங்கள் இருந்தோம். அந்த ஆவணிக்கு வர வேண்டிய வேலையெல்லாம் கம்ப்யூட்டர் வைத்த கடைக்குப் போய்விட்டது. முதலாளியும் எத்தனை மாதம் இழுப்பார்? கணக்கை முடித்து, பாதியைக் கையில் கொடுத்து, மீதிக்குத் தவணை சொன்னார். கடைசியாக ஒரு வேலை இருந்தது. எழுத்துக் கேஸ்களைச் சாக்கில் கொட்ட வேண்டும். ஈயம், வெள்ளீயம், அந்திமனி கலந்த எழுத்து, கிலோ விலைக்குப் பழைய உலோகமாகப் போகிறது.

நானும் அண்ணாச்சியும்தான் கொட்டினோம். ண அறைக்குள் ஒரு ‘ன’ தப்பாகக் கிடந்தது. அதை எடுத்து ன அறையில் போட்டேன். அப்புறம் இரண்டு அறையையும் சேர்த்தே சாக்கில் கவிழ்த்தேன்.

1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதிலிருந்து தமிழை ஈயத்தில் கோத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த வரிசை எங்கள் தெருவில் அன்றைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு முடிந்தது.

வீட்டில் சொல்லவில்லை. பதினோரு நாள், காலை ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஆறு மணிக்குத் திரும்பினேன். பன்னிரண்டாம் நாள் முதலாளி கூப்பிட்டனுப்பி, முன்பே அடித்து வைத்திருந்த ரசீதுப் புத்தகக் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். உங்கள் இன்ஸ்டிடியூட் ரசீது. நான் கோத்ததுதான்.

கட்டை மேஜையில் வைத்தேன். “ப்ரெஸ்ஸை மூடிட்டாங்களாம்ல தம்பி, நீங்க என்ன செய்றீங்க?” என்று கேட்டீர்கள். “பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றேன். வேலை போனவன் எல்லாரும் சொல்லும் பதில் அது. உங்கள் முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை டைப் ஆகிக் கிடந்தது. எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்த என் கண் தானாக அதில் விழுந்தது.

“டீச்சர், மூணாவது வரியில ஒரு ‘ச்’ கூட இருக்கு.”

‘திருவளர்ச்செல்வன்’ என்று இருந்தது. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலமும் அதில் மறைந்து நிற்பதால் அது வினைத்தொகை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது, திருவளர்செல்வன்தான் சரி. எட்டாவதுக்கு மேல் படிக்காத அண்ணாச்சி, எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைக் கையில் வைத்தபடியே எனக்குச் சொல்லிக்கொடுத்த இலக்கணம் அது.

நீங்கள் இலக்கணத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். “தலைகீழாவா படிச்சீங்க?”

எனக்கு அது ஒரு திறமை என்றே அதுவரை தெரியாது. ஈய எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கும். கோத்த வரியைத் தலைகீழாகப் பிடித்துத்தான் வாசிப்போம். கம்பாசிட்டர்கள் எல்லாருக்கும் வருவது. எல்லாருக்கும் வருவதாலேயே, அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. எங்களைப்போல் இல்லாத ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அது கண்ணில் பட்டது.

“எட்டு மணிக்குக் கடைசி பேட்ச் போயிரும். எட்டு மணிக்கு மேல ஒரு மெஷின் சும்மாதான் இருக்கும். வாங்க” என்றீர்கள். பணம் இல்லை என்று நான் இழுத்தபோது, நான் கொண்டுவந்த கட்டைப் பிரித்து முதல் ரசீதைக் கிழித்தீர்கள். என் பேர் எழுதி, தொகை என்ற இடத்தில் ‘புரூஃப் 40 பக்கம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். “சும்மான்னா நாளைக்கு வரமாட்டீங்க தம்பி.”

அன்று ராத்திரிதான் வீட்டில் உண்மையைச் சொன்னேன்.

மெஷினில் உட்கார்ந்த பிறகுதான் என் கை எவ்வளவு வேலை செய்யாமல் இருந்திருக்கிறது என்று தெரிந்தது. கம்பாசிட்டருக்கு இடது கை ஸ்டிக்கைப் பிடிக்கும். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எழுத்தைப் பொறுக்கும். மற்ற விரல்களெல்லாம் பதினேழு வருஷமாக வேடிக்கை பார்த்தவை. ய, ள, ன, க என்று முதல் பாடம். ‘ய’ இடது சுண்டுவிரலுக்கு. எத்தனை தட்டியும் தாளில் பேய் மாதிரி மங்கலாகத்தான் விழுந்தது. “வீட்ல சப்பாத்தி மாவு பிசைங்க” என்றீர்கள். என் மனைவி அதற்காகவே உங்களைக் கோயில் கட்டிக் கும்பிட்டாள்.

ஆனால் ஒரு விஷயம் எனக்குச் சுலபமாக வந்தது. ‘கொ’ என்ற எழுத்தைக் காது ஒன்றாகத்தான் கேட்கிறது. ஈயத்தில் கோப்பவனுக்கு அது மூன்று துண்டு: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தட்டச்சிலும் அதே வரிசை. புள்ளிச் சாவியைத் தட்டினால் வண்டி நகராது. புள்ளியை முதலில் குத்திவிட்டு எழுத்தை அதன் கீழே கொண்டுவர வேண்டும். மற்ற மாணவர்கள் இதில் மாதக்கணக்கில் குழம்பியபோது, எனக்கு அது பழைய வீட்டில் விளக்கைப் போடுவது மாதிரி இருந்தது. இந்த விசைப்பலகையை வகுத்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர் என்று ஒருநாள் சொன்னீர்கள். காதால் அல்லாமல் கண்ணால் தமிழைப் பார்த்த மனுஷர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி பரீட்சையில் தோற்றேன். ஆகஸ்டில் தேறினேன். பதினாறு வயதுப் பிள்ளைகள் நடுவில் முப்பத்தைந்து வயதுக்காரன் ஹால் டிக்கெட்டோடு நின்ற கூச்சம் இன்னும் மறக்கவில்லை.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று இப்போது புரிகிறது. உங்கள் தொழிலும் அப்போது சரிந்துகொண்டிருந்தது. பேட்ச் குறைந்தது, ரிப்பன் வாங்கினால் ஆறு மாதம் கிடந்தது. கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் போட்டீர்கள். மூழ்குகிற படகிலிருந்து ஒருவர் இன்னொருவனுக்குக் கை கொடுத்திருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டரில்தான் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் பழகினேன். உங்கள் தட்டச்சுப் பலகைதான் அதிலும். பக்கத்தை எடுத்ததும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். சொற்களுக்கு நடுவே எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும், நேராகப் பார்த்தால் கண் படிக்கப் போய்விடும். இன்றைக்கும் புத்தகப் பக்கங்களை அப்படித்தான் பார்க்கிறேன். என்னிடம் வருகிற பதிப்பாளர்கள் வருவது அதற்காகத்தான்.

அதற்குப் பிறகும் தொழில் இரண்டு தடவை காலை வாரியது. ஒரு கடையில் அடித்த எழுத்துரு இன்னொரு கடையில் திறந்தால் கோழி கிறுக்கியதாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிமுறை. 1999-ல் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 பலகை வந்தது. 2010-ல் அரசே யூனிகோடுக்கு மாறியது. அதில் கொம்பு முதலில் வராது, உச்சரிக்கிற வரிசைதான்: க முதலில், ஒகரக் குறி பிறகு. கண்ணால் கோத்தவன் நாற்பத்தெட்டு வயதில் காதால் கோக்கப் பழகினேன். கஷ்டமாக இருந்தது, பயமாக இல்லை. ஏற்கெனவே ஒருமுறை சுண்டுவிரலுக்கு மாவு பிசைந்தவன்தானே.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் அது பொய்யாகிவிடும். அண்ணாச்சி மீளவில்லை. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, கண் மங்கல். ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாகப் போனார். வாசலில் உட்கார்ந்து, வருகிற பத்திரிகையில் எல்லாம் ‘ச்’ பார்ப்பார். என்னைவிடப் பெரிய தொழில்காரர். ‘மனசு வைத்தால் எழுந்துவிடலாம்’ என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அவர் முகம்தான் வரும். அவருக்கு மனசு இருந்தது. எட்டு மணிக்கு மேல் ஒரு மெஷின் இல்லை. எனக்கு வாய்த்ததை என் முயற்சி என்று மார்தட்ட முடியாததற்கு அதுதான் காரணம், டீச்சர்.

தங்கை மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். “உனக்கு எது தலைகீழா வரும்?” என்று கேட்டேன். “தப்பு கண்டுபிடிப்பேன் மாமா. அது மட்டும்தான்” என்றான், அது ஒன்றுமே இல்லை என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது ராத்திரி என் கடைக்கு வருகிறான். நான் முடித்த மின்னூல்களைப் பழைய போன், புதுப் போன் என்று எல்லாவற்றிலும் திறந்து, எங்கே எழுத்து உடைகிறது, எங்கே படம் ஓடிப்போகிறது என்று குறித்துத் தருகிறான். பகலில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறான். அவனுக்கு எந்த வழி திறக்கும் என்று எனக்குத் தெரியாது. 1996-ல் உங்களுக்கும் தெரிந்திருக்காது.

முதல் நாள் அவனுக்கும் ஒரு ரசீது போட்டுக் கொடுத்தேன். தொகை என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். மாதிரிக்கு உங்கள் ரசீதைப் பர்ஸிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் அதைத் தலைகீழாகவே எழுத்துக் கூட்டிப் படித்தான். கொஞ்ச நேரம் ஆனது. ஆனாலும் படித்துவிட்டான்.


உங்கள் பழைய மாணவன்

பி.கு.: ‘ய’ இப்போது நன்றாகவே விழுகிறது, டீச்சர்.