கைநாட்டும் கையொப்பமும்

மூன்றாம் ஆண்டு மாணவி, கணினி அறிவியல்

என் அம்மாச்சிக்கு ஆலங்குடிப் பக்கம் ஒரு சிறு கொல்லை இருந்தது. கடலை விளையும் செம்மண் பூமி. தாத்தா மறைந்த ஆண்டு, உறவினர் ஒருவரிடம் அவசரத்துக்குக் கைமாற்று வாங்கிய அம்மாச்சி, அவர் நீட்டிய எழுதாத பத்திரத் தாளில் பெருவிரலை உருட்டிக் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்தானே, என்ன செய்துவிடப் போகிறார் என்ற நம்பிக்கை. அந்தத் தாளில் பின்னர் என்ன எழுதப்பட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! கொல்லை கைமாறியது.

1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் புகுந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றதை நாடே வியந்து பார்த்தது. அம்மாச்சி மிதிவண்டி ஏறவில்லை. ஆனால் அரிக்கேன் விளக்கடியில் அமர்ந்து தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். அந்த நோட்டு இன்றும் அவருடைய தகரப் பெட்டியில் இருக்கிறது. பக்கம் பக்கமாக ஒரே பெயர். முதலில் கோணலாக, போகப்போக நிமிர்ந்து.

கணினிக் கட்டுரையில் இந்தக் கதை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2024 ஆடித் திங்களில் எங்கள் வகுப்பு மாணவர் ஐவர் ஒரு செயல்திட்டத்தை மேற்கொண்டோம். அறிவொளிக் காலத்து நோட்டுகளையும் நிழற்படங்களையும் வீடுவீடாகச் சென்று திரட்டி, ஒளிவருடிப் பாதுகாப்பதே நோக்கம். கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நிபந்தனை விதித்தார்கள்: "காலேஜுக்குள்ளேயே இருக்கட்டும்." அவற்றில் பெயரும் கையெழுத்தும் குடும்பச் செய்திகளும் இருந்தன. ஆகவே வெளியார் நடத்தும் சேமிப்பு நிலையங்களை நாடாமல், ஆய்வகத்தில் ஒதுக்கப்பட்ட நான்கு பழைய கணினிகளைக் கொண்டு நாங்களே ஒரு சேமிப்புக் கிடங்கு அமைத்தோம்.

இக்காலத்தில் நிரல்களைக் கொள்கலன்களில் அடைத்து இயக்குகிறார்கள். ஒவ்வொரு கொள்கலனும் தனக்கு வேண்டிய யாவற்றையும் தன்னுள்ளேயே சுமந்து செல்லும். பல கணினிகளில் பரவிய கொள்கலன்களை மேய்க்க குபர்நெட்டீஸ் என்னும் மென்பொருள் உண்டு. கூகுளில் பிறந்து 2014இல் வெளியிடப்பட்டது. சுக்கான் பிடிப்பவன் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். கிடங்குக்கு மின்ஐஓ என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டோம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி உள்ளிட்ட மூவர் 2014இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு அது. ஓர் இயந்திரம் படுத்துவிட்டாலும் தரவு பிழைக்கும்படி துண்டுகளாக்கிப் பல வட்டுகளில் பரப்பி வைக்கும்.

எல்லாம் அமைந்தது. படங்களைக் கிடங்குக்கு அனுப்பும் எங்கள் நிரலை ஓடவிட்டோம். திரையில் ஒரே வரி: சான்றிதழில் கையொப்பமிட்டவர் இன்னார் என்று அறியப்படவில்லை!

கணினிகள் மறைகுறியில் பேசத் தொடங்குமுன், "நீ யார்?" என்று கேட்கும். எதிர் முனையில் உள்ளது ஒரு சான்றிதழை நீட்டும். தன் பெயரும், தன் பொதுச் சாவியும், இவற்றை உறுதிசெய்த ஒருவரின் கையொப்பமும் அதில் இருக்கும். உறுதிசெய்தவர் தன் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தால் மட்டுமே கணினி மேற்கொண்டு பேசும். உலகறிந்த சான்றளிப்போர், வெளியுலகில் பதிவுசெய்த பெயர்களுக்குத்தான் கையொப்பமிடுவர். எங்கள் ஆய்வகத்துக்குள் மட்டும் வழங்கும் பெயருக்கு யார் கையொப்பமிடுவார்? நாங்களே இட்டிருந்தோம். எங்களை யாருக்குத் தெரியும்?

மறுநாள் துறைத் தலைவருக்குக் காட்ட வேண்டும். இரவு மணி ஒன்பது. நான் ஒரு குறுக்கு வழியைக் கண்டேன். சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்று நிரலில் ஒரு சொல் எழுதினால் போதும். எழுதினேன். படங்கள் மளமளவென்று ஓடின. அன்று நான் பட்ட மகிழ்ச்சியை என்னவென்பது!

காலையில் எங்கள் பேராசிரியர் நிரலைப் பொறுமையாகப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தம் மடிக்கணினியை ஆய்வக வலையில் இணைத்து, எங்கள் கிடங்கின் பெயர் தம் மடிக்கணினியைச் சுட்டும்படி பெயர்ப் பட்டியலை மாற்றினார். "இப்போது அனுப்பு" என்றார். நாற்பது படங்கள் எங்கள் நிரலிலிருந்து கிளம்பின. வெற்றி என்று திரை சொன்னது. அவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். நாற்பதும் அங்கே இருந்தன. முதல் படம் என் அம்மாச்சியின் நோட்டு.

எனக்கு நா எழவில்லை. "உன் நிரலின் மேல் குற்றமில்லை. கேட்காதே என்று நீதானே அதன் வாயைக் கட்டினாய்?" என்றார் பேராசிரியர்.

அன்று மாலை அம்மாச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். மறைகுறியும் கொள்கலனும் அவருக்குப் புரியுமா என்ற ஐயத்தோடுதான் தொடங்கினேன். என்னே என் அறியாமை! முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எழுதாத தாள்ல கைநாட்டு வச்சவ நானு. எனக்கு எழுத்துத் தெரியாது. நீ படிச்ச புள்ள, நீயும் அதையே செஞ்சுட்டியேத்தா."

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். முதலில் எங்களுக்கென ஒரு மூலச் சான்றிதழ் உண்டாக்கினோம். அதன் இரகசியச் சாவியை வலையில் இணைந்த எந்தக் கணினியிலும் வைக்காமல், கடவுச்சொல்லிட்டுத் தனி நினைவகத்தில் எழுதித் துறை பீரோவில் பூட்டினோம். அந்தச் சாவியால் கிடங்கின் சான்றிதழுக்குக் கையொப்பமிட்டோம். கிடங்குக்கு ஆய்வகத்தில் ஒரு பெயர், கொள்கலன் கூட்டத்துக்குள் வேறொரு பெயர். இரண்டையும் சான்றிதழில் எழுத வேண்டியிருந்தது. அழைக்கும் பெயர் அதில் இல்லையென்றால் கையொப்பம் சரியாக இருந்தும் பயனில்லை.

பிறகு மூலச் சான்றிதழை நான்கு கணினிகளின் நம்பிக்கைப் பட்டியலிலும் சேர்த்தோம். ஆயினும் அதே பிழை! இரண்டு நாள் விழித்தோம். மூன்றாம் நாள்தான் உண்மை புலப்பட்டது. கொள்கலன் தனக்கு வேண்டியதைத் தன்னுள்ளேயே சுமப்பது என்றேன் அல்லவா? நம்பிக்கைப் பட்டியலும் அதில் அடக்கம். வெளியே கணினியில் நாங்கள் எழுதியது உள்ளே இருக்கும் நிரலுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு கொள்கலனுக்குள்ளும் மூலச் சான்றிதழ் போய்ச் சேரும்படி குபர்நெட்டீஸுக்குக் கட்டளை எழுதினோம். கிடங்கு மென்பொருளுக்கும், அது நம்ப வேண்டிய சான்றிதழ்களுக்கென உள்ள தனிக் கோப்புறையில் ஒரு படி வைத்தோம். பிழை அகன்றது.

நம் ஊரில் வழங்கிய அம்மன் காசை அறியாதார் யார்? ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கில் விஜய என்ற சொல். தொண்டைமான் சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை நமக்கென்று இருந்த காசு அது. இந்த மண்ணுக்குள் அந்த முத்திரைக்கு மதிப்பு. எல்லைக்கு அப்பால் அதை யார் அறிவார்? எங்கள் சான்றிதழும் அத்தகையதே. எல்லையையும், எல்லைக்குள் யார் யாருக்கு முத்திரையை அறிமுகம் செய்ய வேண்டும் என்பதையும் நாங்கள்தான் வகுக்க வேண்டும்.

அப்படியானால் உலகறிந்த முத்திரையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? அதுவும் இயலாது. 2014 ஜூலையில், நம் நாட்டுத் தேசியத் தகவல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து, கூகுளின் பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது தெரியவந்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்தமையால், அவற்றையும் பல கணினிகள் ஏற்றிருக்கும். கட்டுப்பாட்டாளர் அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். நம்பிக்கை கொடுப்பதோடு முடிவதில்லை. கண்காணிக்கவும் வேண்டும், தேவைப்பட்டால் திரும்பப் பெறவும் வேண்டும். இதனால்தான் சான்றிதழுக்கு ஆயுளும் குறிக்கிறார்கள். எங்கள் கிடங்கின் சான்றிதழுக்கு 90 நாள். முடியும் தேதியை ஆய்வகத் தினசரி நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதி வைத்தோம். வள்ளுவர் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருள் எனக்கு அந்த நாட்காட்டியின் முன்தான் விளங்கியது.

பேராசிரியர் மீண்டும் தம் மடிக்கணினியோடு வந்தார். அதே பெயர் மாற்றம், அதே வேடம். நிரலை ஓடவிட்டோம். அது நின்றது. உன்னை எனக்குத் தெரியாது என்று மறுத்து, ஒரு படத்தையும் அனுப்பாமல் நின்றது. பிழைச் செய்தியைக் கண்டு ஐந்து பேர் கைதட்டியது எங்கள் ஆய்வகத்தில் அதுவே முதல் முறையாக இருக்கும்.

திறப்பு நாளன்று அம்மாச்சியை அழைத்து வந்தேன். திரையில் அவருடைய நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தவர், பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்திட அழைத்தபோது பேனாவை வாங்கிக்கொண்டு, உடனே எழுதிவிடவில்லை.

"மேல என்ன எழுதியிருக்கு? மொதல்ல அதைப் படிச்சுக்கிறேன்" என்றார்.

எழுத்துக் கூட்டிப் படித்து முடித்த பிறகே, தம் பெயரை நிமிர்ந்த எழுத்துகளில் எழுதினார்.